மூன்று நாற்பது

தோவாளைப் பூச்சந்தையில்
யார் யாருக்கு எப்போது போன் போட்டார்கள்,
அதுதான் என் கையிலுள்ள கணக்கு.
என்ன பேசினார்கள் என்பது அதில் இல்லை.
சங்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தந்தது.
இருநூற்றுப் பதினாலு புள்ளிகள். ஓராண்டு.

முதலில் மொத்தத்தையும் ஒரே படமாக வரைந்தேன்.
எடைக்கூடத்து கிறிஸ்துதாஸ் எட்டிப் பார்த்தார்.
"என்னவாக்கும் இது? நனச்சுப் போட்ட வாழநாரு
சிக்குப் பிடிச்ச மாதிரி கெடக்கு."
சரிதான்.
வருஷத்தை ஒரு தாளில் அமுக்கினால்
எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்கள்.

நிமிஷம் நிமிஷமாக நறுக்கினேன்.
இப்போது யாருக்கும் யாருமில்லை.
ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில்
தீக்குச்சி கிழித்ததுபோல
ஒரு கோடு மினுங்கும், அணையும்.

இருபது நிமிஷம் என்று வைத்தபோதுதான்
சந்தை மூச்சு விட்டது.
இரண்டு மணிக்கு ராதாபுரத்துப் பிச்சி வரும்,
கோடுகள் கிழக்கே தடிக்கும்.
திருவனந்தபுரத்து வண்டிகள் கிளம்புமுன்
எல்லாம் மேற்கே சாயும்.
ஏழு மணிக்கு மிஞ்சுவது
மாலை கட்டும் பெண்கள் நாலு பேர்,
வாடகை கேட்டு அலைகிற ஒரு புள்ளி.
ஓணத்துக்கு முந்தின பத்து நாள்
திரை கொள்ளாது.

புள்ளிகளை எங்கே நிறுத்துவது என்பது தனிப் பாடு.
பேசுகிறவர்களைப் பக்கத்தில் வை என்றால்
படத்துக்குப் படம் தாவுகிறார்கள்,
கண்ணுக்கு ஒருவரும் பிடிபடவில்லை.
மென்பொருளுக்குக் கொஞ்சம் ஞாபகம் கொடுத்தேன்:
நேற்று நின்ற இடத்தை
சட்டென்று விட்டுவிடாதே.

அப்படித்தான் கண்ணில் பட்டார்கள்
பூதலிங்கமும் மாதேவனும்.
அண்ணன் கடை பன்னிரண்டு, தம்பி கடை பதின்மூன்று.
ஆவணி முடிய விரல் தடிமனில் ஒரு கோடு.
புரட்டாசி முதல் தேதியிலிருந்து இல்லை.
இருந்தும் இரண்டும் ஒட்டியே நின்றன,
என் கட்டளைக்கு அடங்கி.

ஏன் என்று கேட்டேன்.
கிறிஸ்துதாஸ் தராசுத் தட்டைத் துடைத்தார்,
துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

சுற்றுவழி ஒன்று இருந்தது.
பன்னிரண்டிலிருந்து தாமரை வியாபாரி ஜெயசீலிக்கு,
அவளிடமிருந்து லாரி செட்டு ராஜமணிக்கு,
ராஜமணியிடமிருந்து பதின்மூன்றுக்கு.
ஆனால் ராஜமணி பதின்மூன்றை அழைப்பது மூன்றேகாலுக்கு,
ஜெயசீலி ராஜமணியை அழைப்பது நாலு பத்துக்கு.
படத்தில் பாதை இருக்கிறது, நேரத்தில் இல்லை.
இன்று புறப்பட்ட சொல் நாளைக்குத்தான் சேரும்.
அதற்குள் பிச்சி விரிந்துவிடும்.

ஒருநாள் ஞாபகத்தைப் பூஜ்யமாக்கிப் பார்த்தேன்.
ஒருவர் நாகர்கோவில் மாலைக்கடைகளோடு ஒதுங்கினார்,
மற்றவர் களியக்காவிளைக்காரர்களோடு.
நேர்மையான படம்.
அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பிறகு, வேறெதற்கோ,
தொடக்கத்தில் வடிகட்டிப் போட்டதைக் கிளறினேன்.
எடுக்கப்படாத அழைப்புகள்.
இரைச்சல் என்று நானே ஒதுக்கிய
இரண்டு லட்சம் வரிகள்.

புரட்டாசி இரண்டு, காலை மூன்று நாற்பது:
பதின்மூன்றிலிருந்து பன்னிரண்டுக்கு.
எடுக்கவில்லை.
மூன்றாம் தேதி, மூன்று நாற்பது. எடுக்கவில்லை.
ஐப்பசி மழையில், கார்த்திகையில், தையில்
ஒருநாளும் எடுத்ததில்லை.
ஒருநாளும் அடிக்காமல் இருந்ததில்லை.

"கட தொறந்தாச்சுன்னு சொல்லதாக்கும்,"
என்றார் கிறிஸ்துதாஸ்,
எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வதுபோல.

மாசி நாலாம் தேதி அந்த வரி இல்லை.
அன்று மூன்று நாற்பத்தாறுக்குள்
பன்னிரண்டிலிருந்து ஒன்பது கோடுகள் கிளம்புகின்றன,
பதின்மூன்றைச் சுற்றி இருக்கிற
ஒவ்வொருவருக்கும்.

அந்தப் படத்தை முன்பே பார்த்திருக்கிறேன்.
அறிக்கையில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது.
கீழே, என் கையெழுத்தில்:
அரளி விலை ஏறியிருக்கலாம்.